செல்லாமல் போன முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

சேந்தமேட்டில் சூசைமுத்துவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். முதியோர் பணம் நின்றுபோய்விட்டதா, தெருவிளக்கு எரியவில்லையா, வல்லம் ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டுமா, எல்லாவற்றுக்கும் சூசை சார்தான். முகம் சுளிக்க மாட்டார், அலைய விட மாட்டார், ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். இப்படி ஊரே மெச்சுகிற மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டல்லவா நடக்க வேண்டும்? இவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். யாராவது புகழ ஆரம்பித்தால் தலைபோகிற வேலை இருப்பதுபோல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும். அடக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. அது வெட்கம். எட்டு வருஷமாக உள்ளே கிடந்து அரித்த வெட்கம்.

அவர் ஊராட்சி எழுத்தராகச் சேர்ந்தது 1993-இல், விழுப்புரம் தனி மாவட்டமான அதே வருஷம். பிளஸ் டூ முடித்து, திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, வயது இருபத்திரண்டு. பகுதி நேர வேலை, கால் வயிற்றுச் சம்பளம். ஆனால் கவர்மெண்டு வேலை என்று சொல்லித்தான் செபஸ்தியம்மாளைப் பெண் கேட்டார்கள். அவளும் நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். நிரந்தரமாகும், நிரந்தரமாகும் என்று அந்தக் குடும்பம் காத்திருந்த காத்திருப்பு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சூசைமுத்து செய்த தப்புக்கு அது சமாதானம் ஆகாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1996-இல் தேர்தல் நடந்து ஊராட்சிக்குத் தலைவர் வந்தார். கிராம சபையும் வந்தது. வருஷத்தில் நான்கு நாள் ஊர் ஜனம் மொத்தமும் கூடி, ஊருக்கு என்ன வேண்டும் என்று பேசித் தீர்மானம் போட வேண்டும். சேந்தமேட்டின் அளவுக்கு நூறு பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். முதல் கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் வார்டு உறுப்பினர்கள், இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். கூட்டம் செல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. தீர்மானம் இல்லாவிட்டால் போர்வெல் போட முடியாது, ஒரு கம்பம் நட முடியாது. சூசைமுத்து வருகை நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். ஊருக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் செய்தார்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. மூன்றாவது வருஷம், ரேகை வைக்கிற வீரம்மாள் மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டு இருப்பாள், அவளைத் தேடிக்கொண்டு வெயிலில் போவானேன் என்று தோன்றியது. அவள் பெயருக்கு நேராகத் தன் கட்டைவிரலையே மையில் தொட்டு வைத்துவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஆட்காட்டி விரலும் துணைக்கு வந்தது. போகப்போக அது கை வந்த கலை ஆகிவிட்டது. கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு நான்கு நிறப் பேனா, பாதிப் பேருக்கு இடக்கையால் கிறுக்கல், ரேகை வைக்கிறவர்களுக்கு இருக்கவே இருக்கிறது பத்து விரல். பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்களை வரிசையாக இறக்குவார். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் செபஸ்தியம்மாள் தட்டைப் பிடித்துக்கொள்வாள்.

“ஊரு ஜனம் மொத்தமும் உங்க கையில கீது. சோப்பு போட்டு கழுவிட்டு வாங்க.”

இருவரும் சிரிப்பார்கள். அப்போது அது சிரிப்புக்கான விஷயமாகத்தான் இருந்தது. தலைவர்கள் மாறினார்கள். எந்தத் தலைவரும் கேட்கவில்லை. பக்கத்து ஊர் எழுத்தர்களிடம் பேசும்போது, கையெழுத்தை எப்படி மாற்றி மாற்றிப் போடுவது என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.

2006-இல் அருணா தலைவர் ஆனாள். கெங்கம்மாளின் மருமகள். திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. படித்தவள். பெண்களுக்கு ஒதுக்கிய பதவி என்பதால் நிற்கவைத்தார்கள். புருஷன் வல்லரசு பார்த்துக்கொள்வான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வல்லரசு நல்ல பிள்ளை. முதல் நாள் அவளை ஊராட்சி அலுவலகத்தில் இறக்கிவிட்டு, “கொல்லையில வேலை கீது” என்று போனவன்தான், அதற்குப் பிறகு அலுவலகத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அருணா சூசைமுத்துவை முதல் நாளே “அண்ணே” என்று கூப்பிட்டாள். அதுவரை வந்த தலைவர்கள் எல்லாம் “யோவ் கிளார்க்கு” என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதன் நெற்றியில் காய்ந்து போயிருந்தது. மாதா மாதம் அறிக்கையை அதில் அடித்து, பென் டிரைவில் ஏற்றி, இரண்டு பஸ் மாறித் திண்டிவனம் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று அனுப்ப வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் பரீட்சை ரிசல்ட் பார்க்கவும், காலேஜுக்கு மனுப் போடவும் அதே வரிசைதான். ஊருக்கு இன்டர்நெட் லைன் கேட்டால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் அதிகம், சிக்னல் தாங்காது என்றார்கள். தனியார் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, வீடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “கட்டுப்படி ஆவாதும்மா” என்று வந்த பைக்கிலேயே போய்விட்டார்.

“தண்ணித் தொட்டி கட்டும்போது எந்தக் கம்பெனியண்ட போய் நின்னோம்ண்ணே?” என்றாள் அருணா. “நம்ம ஊராட்சியே கட்டிச்சு. நம்மளே பைப்பு போட்டோம். நம்மளே வரி வாங்கறோம். இதுவும் ஒரு பைப்புதான? வல்லத்துலருந்து நம்மளே ஒரு ஒயரு இழுத்துக்கினு வந்து, ஸ்கூலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேணும்னு கேக்கற வீட்டுக்குல்லாம் குடுத்தா இன்னா?”

சூசைமுத்துவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒயரை ஊராட்சி வைத்துக்கொள்வதாம்! ஆனால் 2008 ஜூலையில் விழுப்புரத்தில் பெண் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அங்கே இவள் எழுந்து இதையே கேட்டிருக்கிறாள். மேடையில் இருந்த அதிகாரி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவட்டத்தில் ஒரே ஓர் ஊராட்சியில் இதைச் சோதனையாகச் செய்து பார்க்கும் யோசனை இருக்கிறது, ஊராட்சிக்கே சொந்தமான லைன், கிராம சபை கூடித் தீர்மானம் போட்டு அனுப்புங்கள், மக்கள் நிஜமாகவே கேட்கிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் ஊரைப் பார்க்கலாம் என்றாராம். அருணா பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக் கூடப் போகவில்லை. நேராக அலுவலகத்துக்கு வந்தாள்.

“ஆகஸ்டு பதினஞ்சு கூட்டத்துல வைக்கிறோம்ண்ணே. ஒண்ணே ஒண்ணு. நோட்டுல யாருக்கும் நீங்க போடாதீங்க. வர்றவங்க அவங்கவங்க கையால போடட்டும்.”

சூசைமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் என்ன, அவள் தலைவர் ஆவதற்கு முன்னால், அவள் வராத மூன்று கூட்டங்களில் அவள் கையெழுத்தே நோட்டில் இருந்தது. “சரிம்மா” என்றார்.

அருணா கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் ஊரை அழைத்தாள். தட்டு நிறைய வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு காலனி, கோயில் தெரு, மாதா தெரு என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். வீட்டில் துக்கம் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மே மாதம்தான் மாமியார் கெங்கம்மாள் போய்ச் சேர்ந்திருந்தாள். மாமியாரும் மருமகளும் எலியும் பூனையுமாக இருந்துவிட்டு, கடைசி ஆறு மாதம் படுக்கையில் எல்லாம் அருணாதான் பார்த்தாள். ஊருக்கே தெரியும். சூசைமுத்து சாவுக்குப் போய் மாலை போட்டவர்.

ஆகஸ்டு பதினான்காம் தேதி மத்தியானம் வானம் கருத்தது. சூசைமுத்து வாசலுக்கு வந்து வந்து வானத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கும் முப்பது பேருக்கு மேல் வந்து அவர் பார்த்ததில்லை. மழை பெய்தால் அந்த முப்பதும் வராது. நூறு சேராவிட்டால் தீர்மானம் போச்சு, ஊருக்கு வரவிருந்த லைன் போச்சு. பாவம் அந்தப் பொண்ணு, இவ்வளவு அலைந்தாளே என்று மனசு அடித்துக்கொண்டது. கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. அதுதான் கொடுமை. நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, பழைய நோட்டைப் பக்கத்தில் விரித்து, மளமளவென்று அறுபத்து நான்கு பேரை இறக்கிவிட்டார். மிச்சம் நாளைக்கு வருகிறவர்கள் போடட்டும், குறைந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் நூறு தேறிவிடும். பெயரைப் பார்த்துத்தான் எழுதினார். ஆளை நினைத்து எழுதவில்லை. கை தன்பாட்டுக்கு ஓடியது.

மறுநாள் பளீரென்று வெயில் அடித்தது. ஜனம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் நிற்க இடம் இல்லை. சேற்றுக் காலோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள், கிராம சபை என்றால் என்ன என்று வாழ்நாளில் கேட்டிராதவர்கள் வந்தார்கள். பாஞ்சாலி என்கிற ஆடு மேய்க்கிற அம்மாள் எழுந்து, “எம்பேத்திக்குத்தான் மொதல்ல குடுக்கணும், அவதான் பத்தாவது” என்றாள். “எனுக்கும் பேரன் கீறான்” என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். வராத லைனுக்கு இப்போதே அடிதடி. அருணா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நோட்டில் அறுபத்தைந்தாம் எண்ணிலிருந்து ஆரம்பித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பேனாவைப் பிடிக்கவே தெரியாதவர்கள், ரேகை வைக்க மாட்டேன், எழுத்துத்தான் போடுவேன் என்று அடம்பிடித்து, ஓர் எழுத்துக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு போட்டார்கள். சூசைமுத்து பக்கங்களைப் புரட்டிக் கொடுத்துக்கொண்டே நின்றார். முன்பக்கம் இரண்டையும் கிழிக்க முடியாது. ஒன்றியத்தில் பக்க எண் போட்டு முத்திரை குத்திய நோட்டு. பேனாவால் அடித்துவிடலாம். அடித்தால் ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், அன்றைக்குப் பார்த்து, அதை எப்படிச் சொல்வது? அவருக்குக் காது மடல் சுட்டது. முன்பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டார். கடைசிப் பக்கத்தில் அருணா தலைவர் என்று கையெழுத்துப் போட்டாள். முன்னால் புரட்டிப் பார்க்கவில்லை. அண்ணன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வல்லத்தில் விருத்தாசலம் என்று ஒரு கேபிள் டிவி உரிமையாளர். பதினோரு ஊருக்கு அவர் ஒயர்தான். ஊராட்சியே ஒயர் இழுத்தால் தன் பிழைப்பு என்னாவது என்று அவருக்குக் கவலை வந்தது நியாயம்தான். சண்டைக்கு வரவில்லை, ஆள் வைத்து மிரட்டவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டு, அன்றைய வருகை நோட்டின் நகலை வாங்கினார். ஊர் ஊராக வசூலுக்குப் போகிறவருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதா? முதல் இரண்டு பக்கங்களில் செத்துப்போனவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது பெயர் கெங்கம்மாள். ரேகை பளிச்சென்று விழுந்திருந்தது.

விசாரணை ஜனவரியில் திண்டிவனத்தில். இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். முந்தின வாரமே சூசைமுத்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தார். அவள் திட்டவில்லை. பஸ் கிளம்பியதும் சொன்னாள்:

“அங்க கேட்டா உள்ளத சொல்லிடுங்கண்ணே. மெமோ குடுப்பாங்க, கொஞ்ச நாள் பேஜாரு, அவ்ளோதான். இத்தினி வருசமா எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்னு அவங்களுக்கும் தெரியும். அந்த அறுவத்தி நாலையும் அடிச்சிட்டு மீதிய எடுத்துக்கங்கன்னு நான் கேக்கறேன்.”

“சொல்லிடறேம்மா” என்றார் சூசைமுத்து. பொய்யாகச் சொல்லவில்லை. சொல்லத்தான் போனார்.

அந்த மாதம்தான் எழுத்தர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பேரில் புகார் இருப்பவர்கள் பட்டியலில் வர மாட்டார்கள் என்று பேச்சு. பதினைந்து வருஷக் காத்திருப்பு. வீட்டில் மகள் ஜெர்லின் ஏழாவது படிக்கிறாள். இதெல்லாம் வழியெல்லாம் மனசில் ஓடவில்லை, ஓடியிருந்தால்கூடத் தயாராகியிருப்பார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இந்த ரேகையெல்லாம் வச்சது யாரு?” என்று கேட்ட அந்த ஒரு நொடியில் மொத்தமாக வந்து நின்றது.

“நான்தாங்க ஐயா” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “தலைவர் சொல்லித்தாங்க வச்சேன்.”

அருணா நாற்காலியில் அப்படியே திரும்பினாள்.

“அண்ணே?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். சூசைமுத்து மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “செத்த மாமியா ரேகைய நான் வக்கச் சொல்லுவனா சார்?” என்று அவள் அதிகாரியிடம் கேட்டது காதில் விழுந்தது. அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. எழுத்தர் உங்கள் பேச்சைக் கேட்டேன் என்கிறார். இதில் எது நிஜம், எது பொய் என்று நாங்கள் எப்படிப் பிரிப்பது? நோட்டு மொத்தமும் செல்லாது.

தீர்மானம் ரத்து. லைன் வேறோர் ஊராட்சிக்குப் போயிற்று. பல மாதம் இழுத்து, அருணாவைப் பதவியிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. வேலியில் ஓணான் போவதைக்கூட விடாமல் பேசுகிற ஊர், மாமியார் ரேகையை விடுமா? செத்தவளையும் சும்மா விடலையே என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். முதுகு ஒடிய அந்தக் கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டியவளைப் பார்த்துப் பேசினார்கள். சூசைமுத்து அந்த வழியாகச் சைக்கிளில் போனார். இறங்கி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தலைவர் சொன்னதைச் செய்தவர்தானே என்று அவரை விட்டுவிட்டார்கள். எழுத்தர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. செபஸ்தியம்மாள் கேசரி கிளறினாள். ஒரு வாய் போட்டுவிட்டு மிச்சத்தை ஜெர்லின் தட்டில் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் ஊருக்கு ஓடி ஓடி உழைக்க ஆரம்பித்தார். யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர் ஆனார். அருணா வீட்டு வரி கட்ட வருவாள். “ரசீது குடுங்க சார்” என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். அந்த “சார்” காதில் விழும்போதெல்லாம் அவருக்கு எழுந்து எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருக்கும்.

சூசைமுத்து மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வார். கோபப்பட்டேன், ஞாயிறு பூசை தவறவிட்டேன், பொய் சொன்னேன் சாமி. பொய் சொன்னேன் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் அந்தப் பொய்யும் அதில் அடங்கிவிடும் என்று ஒரு கணக்கு. கடவுளிடமே ரேகை மாற்றி வைக்கப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பங்குச்சாமியார்களும் அருள் நிறைந்த மந்திரத்தைப் பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போகச் சொல்வார்கள். 2017-இல் புதிதாக வந்த இளம் சாமியார் மட்டும் நிறுத்திக் கேட்டார்.

“என்ன பொய்? அதுனால யாருக்குக் கெடுதல்?”

சூசைமுத்துவிடமிருந்து எல்லாம் வந்தது. மூக்குச் சளி ஒழுகச் சொன்னார். சாமியார் கடைசி வரை கேட்டார்.

“இது செபம் சொல்லி முடிக்கற பாவம் இல்லைங்க. அந்த அம்மாகிட்ட போங்க.”

போனார். அருணா வாசலில் கேப்பையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. இவர் சொல்ல வந்ததையெல்லாம் முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

“எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எனுக்குத்தான் தெரியுமே. அன்னிக்கு வந்து நின்னாங்களே, அந்த ஜனத்துக்கிட்ட சொல்லுங்க. அவங்க போட்ட கையெழுத்து செல்லாமப் போனதுக்கு நான் காரணம் இல்லன்னு அவங்களாண்ட சொல்லுங்க. கிராம சபையில சொல்லி, தீர்மான நோட்டுல எழுதுங்க.” பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். “செய்வீங்களா?”

“செய்யறேம்மா” என்றார்.

மே ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. சூசைமுத்து வீடு வீடாகப் போனார். அவர் பணிக்காலத்தில் கிராம சபைக்கு ஆள் கூப்பிட்டு ஏறி இறங்கியது அதுதான் முதல் தடவை. அந்த 2008 கூட்டத்துக்குப் பிறகு ஜனம் வருவதையே விட்டுவிட்டிருந்தது. அவரும் பழையபடி வீட்டில் உட்கார்ந்தே நோட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். ஆமாம், அதற்குப் பிறகும்தான். செத்தவர்கள் பெயரை மட்டும் ஜாக்கிரதையாக நீக்கிவிட்டார். வெட்கப்படுகிறவன் திருந்திவிடுவான் என்று யார் சொன்னது?

எல்லா வீட்டிலும் அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். “முக்கியமான விசயம், நீங்க கட்டாயம் வரணும்” என்றார். “நீங்க கூப்ட்டு வராம இருப்பமா சார்?” என்றார்கள். பாஞ்சாலிகூட ஆட்டுப் பட்டியிலிருந்து வெளியே வந்து, “மொத ஆளா வர்றேன் போங்க” என்றாள். சூசைமுத்துவுக்கு நம்பிக்கை வந்தது. இருநூறு பேர் முன்னால் எப்படி ஆரம்பிப்பது என்று சைக்கிளில் போகும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். செபஸ்தியம்மாளிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

மே ஒன்றாம் தேதி பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைப் பார்வையிட வந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று பன்னிரண்டு வரை காத்திருந்தார்கள். கடைசி வரிசையில் அருணா உட்கார்ந்திருந்தாள்.

சூசைமுத்து எழுந்தார். தயாரித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. “ரெண்டாயிரத்து எட்டு கூட்டத்துல செத்தவங்க பேருக்கு ரேகை வச்சது நான். தலைவரு வைக்காதன்னு சொல்லியும் வச்சேன். விசாரணையில அவங்க சொல்லித்தான் வச்சேன்னு பொய் சொன்னேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்ன மன்னிச்சிடுங்க” என்றார். கூனிக் குறுகி நின்றார். யாராவது எழுந்து அடித்தால் தேவலை என்றிருந்தது.

யாரும் அடிக்கவில்லை. குப்பம்மாள் என்கிற வயதான அம்மாள், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்போ அந்த லைனு இப்ப வருமா சார்?”

“வராதும்மா. அது போயிடுச்சு.”

“ஓ” என்றாள் அவள்.

தீர்மான நோட்டை எடுத்து எழுதப் போனார். ஒன்றியத்து அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், “நூறு பேர் இல்லையே சார். கூட்டமே செல்லாது. செல்லாத கூட்டத்துல எப்படி எழுதறது?” சூசைமுத்துவுக்கு அது தெரியாதா? இருபத்தொரு வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது. பேனாவை மூடினார். வருகை நோட்டில் பத்தொன்பது என்று எழுதிக் கோடு போட்டார்.

அருணா எழுந்து முன்னால் வந்து, நோட்டைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பத்தொன்பதைப் பார்த்தாள். “முந்நூத்திப் பன்னெண்டு பேரு வந்த ஊரு சார் இது” என்றாள். கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் கலைந்த பிறகு சூசைமுத்து நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் பாஞ்சாலி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நின்றாள்.

“கோச்சிக்காத சார், ஆட்ட வுட்டுட்டு வர முடியல. நீ இருக்கறப்ப எங்களுக்கு இன்னா கவல? எம்பேரையும் போட்டுட்ட இல்ல?”

சூசைமுத்து கக்கத்து நோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பாஞ்சாலி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, “நல்லா இருப்ப சார்” என்று வாழ்த்திவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் போனாள்.